மலாபாவில் ஒரே ஒரு நிறுத்தம்

கடலில்லாத நாடுகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் கிழக்கு ஆப்பிரிக்க வழித்தடம் எப்படித் திறந்தது, ஏன் அடிக்கடி மூடிக்கொள்கிறது?

உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் ஒரு மருந்துக் கடைக்குப் போய் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால், பல நேரங்களில் அது இந்தியாவில் தயாரானதாக இருக்கும். நம் துறைமுகத்தில் கப்பலேறும் அந்தச் சரக்கு கென்யாவின் மொம்பாசாவில் இறங்குகிறது. பிறகு லாரியில் ஏறி நைரோபி, நகுரு, எல்டோரெட் என்று 1,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடித்தான் கம்பாலா போய்ச் சேர வேண்டும். நடுவே ஒரு எல்லை. அதன் பெயர் மலாபா. சரக்கு கடலில் மிதந்த நாட்களைவிடத் தரையில் காத்துக் கிடந்த நாட்கள் அதிகம் என்ற நிலைமை இந்த வழியில் பல காலம் இருந்தது.

மொம்பாசாவில் தொடங்கும் இந்தப் பாதையின் பெயர் வடக்கு வழித்தடம். கென்யாவைக் குறுக்கே கடந்து உகாண்டா, ருவாண்டா, புருண்டி, தெற்கு சூடான், காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்குப் பகுதி என்று கிளை பிரிந்து செல்கிறது. மொம்பாசாவிலிருந்து ருவாண்டாவின் கிகாலி சுமார் 1,700 கிலோமீட்டர். புருண்டியின் புஜும்புரா ஏறக்குறைய 2,000. எரிபொருள், கோதுமை, உரம், சிமென்ட் செய்யும் கிளிங்கர், பழைய துணி மூட்டைகள், ஐ.நா. அனுப்பும் உணவு எல்லாம் இதில் உள்ளே போகின்றன. உகாண்டாவின் காப்பியும் ருவாண்டாவின் தேயிலையும் வெளியே வருகின்றன.

உலகில் கடற்கரை இல்லாத வளரும் நாடுகள் 32 இருக்கின்றன. பின்கட்டில் குடியிருப்பவர் முன்வீட்டுத் தாழ்வாரம் வழியாகத்தான் தெருவுக்கு வர முடியும் என்பதுபோன்ற நிலை அவற்றுக்கு. 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, 125-ஆவது பிரிவில், இந்த நாடுகளுக்குக் கடலை அடையும் உரிமையும் இடைப்பட்ட நாடுகளின் வழியே சரக்குக் கொண்டுபோகும் சுதந்திரமும் உண்டு என்கிறது. ஆனால் எந்த நிபந்தனையில், எந்த முறையில் என்பதைச் சம்பந்தப்பட்ட நாடுகளே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. உரிமை காகிதத்தில் இருக்கிறது. அது லாரிக்கு வழிவிடுமா என்பது அண்டை நாட்டின் மனத்தைப் பொறுத்தது.

நகர்ந்து போன எல்லை

இந்தப் பாதையின் முதல் தண்டவாளத்தைப் போட்டவர்கள் இந்தியர்கள். 1896-இல் மொம்பாசாவில் தொடங்கிய உகாண்டா ரயில்வேக்காகப் பிரிட்டிஷ் அரசு இந்தியாவிலிருந்து 30,000-க்கும் மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுபோனது. பெரும்பாலோர் பஞ்சாபைச் சேர்ந்தவர்கள். அவர்களில் ஏறக்குறைய 2,500 பேர் நோயிலும் விபத்திலும் அங்கேயே இறந்துபோனார்கள்.

1901-இல் தண்டவாளம் விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள இன்றைய கிசுமுவை எட்டியது. அப்போது அந்த ஊர் உகாண்டாவில் இருந்தது. மறு ஆண்டே பிரிட்டிஷ் நிர்வாகம் உகாண்டாவின் கிழக்கு மாகாணத்தைப் பிய்த்து, பின்னாளில் கென்யாவாக மாறிய பகுதியோடு சேர்த்துவிட்டது. லண்டனில் போட்ட ஓர் உத்தரவு எல்லைக் கோட்டைத் தள்ளி வைத்தது. கம்பாலாவுக்கு ரயில் வந்து சேர 1931 ஆகிவிட்டது.

இதைப் பழைய கதை என்று விட்டுவிட முடியாது. 1976 பிப்ரவரியில் உகாண்டாவின் சர்வாதிகாரி இடி அமீன், மேற்குக் கென்யா எங்கள் மண் என்று உரிமை கொண்டாடியது இந்த வரலாற்றை வைத்துத்தான். கென்ய அதிபர் ஜோமோ கென்யாட்டா எல்லைக்குப் படையை அனுப்பினார். கூடவே உகாண்டா போகும் சரக்கையும் நெருக்கினார். அமீன் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அமீன் கொடுங்கோலர், அவர் பணிந்ததில் யாருக்கும் வருத்தம் இருக்க முடியாது. ஆனால் பாதையை அடைத்தால் அண்டை நாட்டை மண்டியிட வைக்கலாம் என்பதை அந்தப் பிராந்தியம் அன்று கண்டுகொண்டது. அடுத்த ஆண்டே, ரயில்வேயையும் துறைமுகங்களையும் கூட்டாக நடத்திவந்த கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் உடைந்தது. ஒரே நிறுவனமாக இருந்த ரயில்வே மூன்றாகப் பிரிந்தது. தான்சானியா கென்யாவோடு இருந்த எல்லையை மூடி, 1983 வரை திறக்கவில்லை.

அந்தச் சிதைவிலிருந்துதான் வடக்கு வழித்தட உடன்பாடு பிறந்தது. 1985 பிப்ரவரியில் கையெழுத்தானது. கென்யா, உகாண்டா, ருவாண்டா, புருண்டி ஆகியவை முதல் உறுப்பினர்கள். பிறகு காங்கோவும் (அன்றைய ஜயர்), 2012-இல் தெற்கு சூடானும் சேர்ந்தன. தலைமையகம் மொம்பாசாவிலேயே இருக்கிறது. சுங்க ஆவணங்கள், துறைமுக வசதி, வாகனக் காப்பீடு, லாரி எந்தச் சாலையில் போகலாம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நெறிமுறை எழுதினார்கள். ஆனாலும் 1987 டிசம்பரில் புசியா எல்லையில் கென்யப் படையும் உகாண்டாப் படையும் சுட்டுக்கொண்டபோது பாதை மறுபடி மூடிக்கொண்டது. அப்போது உடன்பாட்டுக்கு மூன்று வயதுகூட ஆகியிருக்கவில்லை.

ஒரே கூரையின் கீழ்

பழைய முறை எப்படி இருந்தது என்று பார்த்தால்தான் வந்த மாற்றத்தின் அளவு புரியும்.

மொம்பாசாவில் இறங்கும் கன்டெய்னர் உகாண்டாவுக்கு உரியது. கென்யாவில் அதற்கு வரி இல்லை. வழியில் ஏதோ ஒரு கிடங்கில் அதை இறக்கி விற்றுவிட்டால்? வரி கட்டாத சர்க்கரையும் சமையல் எண்ணெயும் கென்யச் சந்தைக்குள் புகுந்துவிடும். இது கற்பனைப் பயம் இல்லை, நடந்துகொண்டிருந்த விஷயம். அதனால் கென்யா, சரக்கு எல்லையைத் தாண்டும் வரை பிணைத் தொகை கட்டச் சொன்னது, போலீஸ் காவலோடு லாரிகளைக் கூட்டமாக அனுப்பியது, வழி நெடுகச் சோதித்தது. கென்ய அதிகாரிகள் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. நம்புவதற்கு அவர்களிடம் எந்த ஏற்பாடும் இல்லை.

மலாபாவுக்கு வந்தால் கென்யப் பக்கத்தில் ஒரு வரிசை. சுங்கம், குடியேற்றம், தரக்கட்டுப்பாடு, பயிர் நோய்த் தடுப்பு என்று மேசை மேசையாகப் போய் முத்திரை வாங்க வேண்டும். பிறகு எல்லையில் ஓடும் ஆற்றைத் தாண்டினால் உகாண்டாப் பக்கத்தில் அதே கேள்விகள், அதே தாள்கள், மறுபடி ஒரு வரிசை. கம்பாலாவில் இருக்கும் வணிகர் வரி கட்டியிருக்க மாட்டார். கட்டிய ரசீது வரும் வரை லாரி நகராது.

இன்றைக்கு அதே மருந்துக் கன்டெய்னரைப் பின்தொடர்ந்து பார்ப்போம். கப்பல் மொம்பாசாவுக்கு வருவதற்கு முன்பே கம்பாலாவில் உள்ள கிளியரிங் ஏஜென்ட் உகாண்டா வருவாய்த் துறையின் கணினியில் விவரங்களைப் பதிகிறார். வணிகர் வரியைக் கட்டிவிடுகிறார். மொம்பாசாவில் உகாண்டாவின் சுங்க அதிகாரிகளே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் சரிபார்த்துச் சம்மதம் தந்ததும் கென்யச் சுங்கம் சரக்கை விடுவிக்கிறது. கன்டெய்னர் கதவில் மின்னணு சீல் பூட்டப்படுகிறது. லாரி குறித்த சாலையை விட்டு விலகினாலோ, பூட்டில் யாராவது கைவைத்தாலோ, நைரோபியிலும் கம்பாலாவிலும் உள்ள கண்காணிப்பு அறைகளில் எச்சரிக்கை எழும். சாலையோரம் நிறுத்தியிருக்கும் ரோந்துக் குழு கிளம்பும். ஒற்றைச் சுங்கப் பகுதி என்னும் ஏற்பாடு 2014-இல் நடைமுறைக்கு வந்தது. கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றும் சேர்ந்து ஒரே கண்காணிப்பு முறையை 2017-இல் அமைத்தன.

எல்லையில் நடப்பதுதான் எனக்கு மிகப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. உகாண்டாவுக்குள் போகும் லாரி கென்யப் பக்கத்தில் நிற்பதே இல்லை. நேராக ஆற்றைத் தாண்டி உகாண்டா வளாகத்துக்குள் போகிறது. அங்கே கென்ய அதிகாரியும் உகாண்டா அதிகாரியும் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள். முதலில் கென்யர் வெளியேற்ற முத்திரை வைக்கிறார், பிறகு உகாண்டாக்காரர் அனுமதி முத்திரை வைக்கிறார். எதிர்த் திசையில் வரும் லாரிக்கு இதே வேலை கென்ய மண்ணில் நடக்கிறது. நுழையும் நாட்டில் மட்டும் ஒரே நிறுத்தம்.

சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. சட்டப்படி யோசித்தால் இது சாதாரணச் சலுகை இல்லை. ஒரு நாட்டின் அதிகாரி, சீருடையோடு, இன்னொரு நாட்டு மண்ணில் உட்கார்ந்து தன் நாட்டுச் சட்டத்தை அமல்படுத்துகிறார். அங்கே அவர் ஒருவரைப் பிடித்தால் எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிக்கும்? அவரே தவறு செய்தால் யார் தண்டிப்பது? இதற்கெல்லாம் விடை எழுதி, எல்லைச் சாவடிகளுக்கென்றே, மீண்டும் உயிர்பெற்றிருந்த கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் ஒரு சட்டம் இயற்றியது. அது 2016-இல் வந்தது. வெள்ளைக்காரன் கிழித்த கோட்டை உயிரைப் போலக் காத்துவந்த நாடுகள், தங்கள் மண்ணில் அண்டை நாட்டுச் சட்டம் செல்லும் என்று ஒப்புக்கொண்டதைச் சிறிய செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆப்பிரிக்காவில் இதற்கு வழிகாட்டியது ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவே ஜாம்பசி ஆற்றின் மேல் உள்ள சிருண்டு. 2009 டிசம்பரில் அங்கே முதல் கூட்டுச் சாவடி திறந்தது. மலாபாவுக்குத் தெற்கே உள்ள புசியாவின் கூட்டுச் சாவடியை 2018 பிப்ரவரியில் கென்யாட்டாவின் மகனும் அன்றைய கென்ய அதிபருமான உஹுருவும் உகாண்டா அதிபர் முசேவேனியும் சேர்ந்து திறந்து வைத்தார்கள்.

பலன்? மொம்பாசாவிலிருந்து கம்பாலாவுக்கு 18 நாட்கள் ஆன இடத்தில் இப்போது 4 நாட்கள், கிகாலிக்கு 21 நாட்கள் ஆன இடத்தில் 6 என்று அதிகாரிகள் கணக்குச் சொல்கிறார்கள். எல்லா லாரிக்கும் இது பொருந்தாது. கணினி படுத்துக்கொண்டால் வரிசை திரும்பி வந்துவிடும். ஆனாலும் மாற்றம் உண்மை. வணிகர்கள் யாரும் பழைய முறைக்குத் திரும்பச் சொல்வதில்லை.

வே-பிரிட்ஜ் தொல்லையும் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு எடை வரம்பு வைத்திருந்தபோது, ஓரிடத்தில் சரியான பாரம் அடுத்த நாட்டில் குற்றமாயிற்று. இப்போது கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் முழுவதற்கும் உச்ச வரம்பு 56 டன். மரியாகானி, கில்கில், வெபுயே போன்ற இடங்களில் ஓடும்போதே எடை பார்க்கும் கருவிகள் வந்துவிட்டன. பாரம் மிகாத லாரி நிற்க வேண்டியதில்லை.

புசியாவில் தலைச்சுமையாகத் தக்காளியும் முட்டையும் சோளமும் கொண்டுபோய் விற்கும் பெண்களையும் மறக்கக் கூடாது. 2,000 டாலர் மதிப்புக்குள் உள்ள சரக்குக்கு ஒரே ஒரு எளிய சான்றிதழ் போதும் என்று விதி வந்தது. இருந்தும் இவர்களில் பலர் இன்னும் சாவடியைச் சுற்றி வயல்வழியாகவே போகிறார்கள். சட்டம் தெரியாதது ஒரு காரணம். சீருடைக்காரர்களிடம் பட்ட பழைய அனுபவம் இன்னொரு காரணம்.

பாதை அடைபட்டபோது

2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் கென்யா பற்றி எரிந்தது. நைரோபியின் கிபேரா சேரியில் கலவரக்காரர்கள் உகாண்டா போகும் ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தார்கள். லாரிகள் வழியில் முடங்கின. 2008 ஜனவரியில் கம்பாலாவிலும் கிகாலியிலும் பெட்ரோலுக்குத் திண்டாட்டம் வந்தது. அந்தத் தேர்தலில் உகாண்டாக்காரருக்கோ ருவாண்டாக்காரருக்கோ ஓட்டு இல்லை. விலை மட்டும் அவர்களும் கொடுத்தார்கள்.

2019 பிப்ரவரியில் ருவாண்டா, உகாண்டாவோடு இருக்கும் கதுனா எல்லையை மூடியது. கூட்டுச் சாவடி கட்டும் பணி நடக்கிறது என்பதே முதலில் சொன்ன காரணம். உண்மைக் காரணம் இரு அரசுகளுக்கும் இடையே இருந்த பகை. தன் குடிமக்களை உகாண்டா பிடித்து வதைக்கிறது என்றது ருவாண்டா. ருவாண்டா உளவு பார்க்கிறது என்றது உகாண்டா. லாரிகள் சுற்றுவழியில் வேறு சாவடிகளுக்குத் திருப்பப்பட்டன. ருவாண்டாவின் சாதாரண மக்கள் அந்தப் பக்கம் போகவே கூடாது என்றாயிற்று. சந்தைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் எல்லையைத் தாண்டிப் போய்வந்த கிராமங்கள் இரண்டாகப் பிளந்தன. 2022 ஜனவரி 31-இல்தான் கதவு திறந்தது. ஒன்றாக உட்காரவென்று கட்டிய கட்டடம் ஏறக்குறைய மூன்று ஆண்டு வெறுமனே நின்றது. தலைவர்களின் பகைக்கு ஊர்மக்களைப் பணயம் வைத்த இந்தச் செயலை எந்தப் பாதுகாப்புக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

இடையில் கொரோனா. 2020 ஏப்ரலில் உகாண்டா, எல்லைக்கு வரும் ஒவ்வொரு டிரைவரையும் சோதிக்கத் தொடங்கியது. மாதிரிகள் எண்டெபியில் உள்ள வைரஸ் ஆய்வகத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். கென்யாவில் எடுத்த சோதனையை உகாண்டா ஏற்கவில்லை. மலாபாவிலிருந்து கென்யாவுக்குள் பல பத்துக் கிலோமீட்டர் நீளத்துக்கு லாரிகள் நின்றன. டிரைவரும், அங்கே டர்ன்பாய் என்று அழைக்கப்படும் கிளீனரும் நாள்கணக்கில் லாரியிலேயே சமைத்து, லாரிக்கு அடியிலேயே படுத்தார்கள். கழிப்பறை இல்லை, தண்ணீர் இல்லை. சாலையோர ஊர்களில் அவர்களை நோய் கொண்டுவருபவர்கள் என்று ஒதுக்கினார்கள். நாட்டுக்கு உணவும் மருந்தும் கொண்டுவந்த மனிதர்கள் அவர்கள்.

டிரைவர்களுக்கு இது புதிதும் இல்லை. எய்ட்ஸ் பரவிய காலத்திலும் இந்த நெடுஞ்சாலையில் பழி அவர்கள்மேல்தான் விழுந்தது. எல்லையில் ஒரு வாரம் வேலையில்லாமல் நிறுத்தி வைத்தால் நோய் பரவத்தான் செய்யும், அங்கே மருத்துவ வசதி வேண்டும் என்று உணரப் பல ஆண்டுகள் ஆயின. பிறகுதான் கன்டெய்னரையே அறையாக மாற்றிய சிறு மருத்துவ நிலையங்கள் லாரி நிற்கும் இடங்களில் வந்தன.

கொரோனாச் சிக்கலுக்கும் கூட்டு ஏற்பாடுதான் மருந்தாயிற்று. சரக்கைக் கண்காணித்த முறையோடு டிரைவரின் சோதனை முடிவையும் இணைத்து, ஒரு நாடு தரும் சான்றை மற்ற நாடுகள் கைப்பேசியிலேயே பார்த்து ஏற்க வழி செய்தார்கள். அதற்குப் பிறகும் 2022 ஜனவரியில் உகாண்டா தன்னிச்சையாக, எல்லையில் ஒவ்வொருவரும் 30 டாலர் கட்டிச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்றது. டிரைவர்கள் லாரியை நிறுத்திவிட்டார்கள். சில நாட்களில் உகாண்டாவின் பெட்ரோல் நிலையங்கள் வறண்டன. அரசு கட்டணத்தைக் கைவிட்டது.

நின்றுபோன தண்டவாளம்

2013-இல் கென்யா, உகாண்டா, ருவாண்டா அதிபர்கள் கூடி, மொம்பாசாவிலிருந்து கிகாலி வரை புதிய ஸ்டாண்டர்ட் கேஜ் தண்டவாளம் போடுவோம் என்று அறிவித்தார்கள். சீனக் கடனில் கென்யா தன் பங்கைத் தொடங்கி 2017-இல் நைரோபி வரையும், 2019-இல் நைவாஷா அருகிலும் கொண்டுவந்தது. பிறகு பல ஆண்டுகள் அங்கேயே நின்றது. அதற்கு முன்பே, 2016-இல், உகாண்டா தன் கச்சா எண்ணெய்க் குழாயைக் கென்யா வழியாக அல்லாமல் தான்சானியாவின் தாங்கா துறைமுகத்துக்குக் கொண்டுபோக முடிவு செய்திருந்தது. 2023-இல் பெட்ரோல் இறக்குமதியில் கென்ய இடைத்தரகு வேண்டாம் என்று உகாண்டா சொன்னது, கென்யா உரிமம் தர மறுத்தது, வழக்கு கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றம் வரை போய், 2024-இல் பேசித் தீர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மலாபாவிலிருந்து கம்பாலா வரை 272 கிலோமீட்டர் ரயில் பாதைக்குத் துருக்கி நிறுவனம் ஒன்றோடு உகாண்டா ஒப்பந்தம் போட்டது. மதிப்பு 270 கோடி யூரோ.

கடற்கரை நாடு எப்போதும் மேலே இருக்கும் என்று நினைப்பது தவறு. மொம்பாசாவின் பாதை அடைபட்டால் தான்சானியாவின் தார்எஸ்ஸலாம் துறைமுகம் காத்திருக்கிறது. மொம்பாசாவில் இறங்கி வெளிநாடு போகும் சரக்கில் பெரும்பங்கு உகாண்டாவுடையது. அது போய்விட்டால் துறைமுகக் கூலிக்காரரிலிருந்து சாலையோரச் சாப்பாட்டுக் கடை வரை அடி விழும். வழித்தடத்தை ஒழுங்காக நடத்துவதில் கென்யாவின் வயிற்றுப்பாடும் இருக்கிறது.

பாதையின் கடைசிப் பகுதிதான் இன்னும் துயரம். தெற்கு சூடானின் ஜூபா போகும் சாலையில் 2021-இல் டிரைவர்கள் கொல்லப்பட்டபோது மற்றவர்கள் எல்லையிலேயே லாரிகளை நிறுத்திவிட்டார்கள். கிழக்கு காங்கோவின் கோமா நகரம் 2025 ஜனவரியில் எம்23 கிளர்ச்சிப் படையின் கைக்குப் போயிற்று. துப்பாக்கி முழங்கும் இடத்தில் மின்னணு சீலால் ஒன்றும் ஆகாது.

நம் வாசலில்

ஆப்பிரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் நாம்தான் கென்யா. 2015-இல் நிலநடுக்கத்தில் நொறுங்கிய நேபாளம், அதே ஆண்டு செப்டம்பரிலிருந்து பல மாதங்கள் ரக்ஸௌல்–பீர்கஞ்ச் எல்லை அடைபட்டதால் எரிவாயுவுக்கும் மருந்துக்கும் தவித்தது. இந்தியா மறித்தது என்றது நேபாளம்; நேபாளத்தின் தென்பகுதியில் வாழும் மதேசி மக்களின் போராட்டமே காரணம் என்றது இந்தியா. வாதத்தில் யார் வென்றாலும், விறகடுப்புக்குத் திரும்பியவை காத்மாண்டு வீடுகள்தான். நேபாளம் போகும் கன்டெய்னர்களுக்குக் கொல்கத்தாவிலும் விசாகப்பட்டினத்திலும் மின்னணு சீல் பூட்டும் முறை பிறகு வந்தது நல்ல மாற்றம்.

வங்கதேச எல்லையில் அந்த அளவுகூட நடக்கவில்லை. பெட்ராபோலிலிருந்து போகும் இந்திய லாரி, எல்லைக்கு அப்பால் பேனாபோலில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்புகிறது; அதை வங்கதேச லாரி மறுபடி ஏற்றிக்கொள்கிறது. இந்தியா, வங்கதேசம், நேபாளம், பூட்டான் நான்கும் வாகனங்களைத் தங்குதடையின்றி ஓடவிட 2015 ஜூனில் திம்புவில் உடன்பாடு கையெழுத்திட்டன. பத்து ஆண்டு தாண்டியும் அது முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. 2025 ஏப்ரலில் இந்தியா, வங்கதேசச் சரக்கு நம் மண் வழியே மூன்றாம் நாடுகளுக்குப் போகத் தந்திருந்த வசதியைத் திரும்பப் பெற்றது. மே மாதம் வங்கதேச ஆயத்த ஆடைகள் தரைவழியாக வருவதையும் நிறுத்தியது. டாக்காவில் ஆட்சி மாறி உறவு கசந்த பின் நடந்தவை இவை.

கசப்பு தீர நாளாகலாம். அதுவரை லாரிகள் காத்திருக்க வேண்டியதில்லை. இரு நாட்டுச் சுங்க அதிகாரிகளைப் பெட்ராபோலில் ஒரே கூரையின் கீழ் உட்கார வைக்கும் பேச்சை டெல்லியும் டாக்காவும் உடனே தொடங்க வேண்டும். ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட கென்யாவாலும் உகாண்டாவாலும் முடிந்த காரியம் இது.